அறுபத்தொன்றுக்குப் பிறந்த நூற்று இருபத்தொன்று

வேறு ஊர்களில் ஆளுடைய பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். ஆட்டூரணிபட்டியில் ஐம்பது வயதை ஒட்டினவர்களுக்கு மார்க்கு இருக்கும். அறுபத்தொண்ணு கிட்டு. அம்பத்தெட்டு சண்முகராஜ். எழுபத்துநாலு பத்திரகாளி. ரேஷன் கடையில் கூப்பிடுவதும் அப்படித்தான். பத்திரகாளி தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் 'எழுபத்துநாலு' என்று தடித்த எழுத்தில் அச்சடித்தே பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்.

இடைசெவலுக்குக் கிழக்கே கரிசலில் ஆறு கிலோமீட்டர் போனால் இந்த ஊர் வரும். மழை நாளில் போனால் வராது, மண் ஆளைப் பிடித்துக்கொள்ளும். இந்த மார்க்கு வந்த கதையும் ஒரு மழையில்தான் தொடங்கியது. 1984 ஐப்பசியில் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் ஜீப்பில் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மூளையை அளக்கிறவர். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஐம்பது கஜம் இருக்கையில் ஜீப் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் பெட்டியும் கையுமாகக் குதித்துத் தப்பினார். சாயங்காலம் ஜீப்பின் கூரை மட்டும் தெரிந்தது. மறுநாள் அதுவும் இல்லை. தை பிறந்து நிலம் வெடிப்பு விட்டதும் ஜீப் தானாகவே மேலே வந்தது. டீசலில் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஸ்டெப்னியை மட்டும் மண் திருப்பித் தரவில்லை. கரிசல் எதையும் இலவசமாக வைத்துப் பாதுகாக்காது.

போக வண்டியில்லாத டாக்டர் எட்டு நாள் பள்ளிக்கூடத்திலேயே தங்கி, எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் உள்ள முப்பத்திரண்டு பிள்ளைகளையும் அளந்து முடித்தார். கிட்டுவுக்கு அப்போது பத்து வயது. ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. பாதி நாள் வகுப்பில் இருப்பான், பாதி நாள் அப்பாவின் ஆடுகளுக்குப் பின்னால் இருப்பான்.

"ஆடும் பருத்திச்செடியும் எந்த விதத்தில் ஒண்ணு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணா? ஆடு பருத்தியில விழுந்தா பஞ்சாயத்து வந்துரும் சார்" என்றான் கிட்டு.

"ரயிலும் மாட்டுவண்டியும்?"

"ரயிலு வந்தா மாட்டுவண்டி நிக்கணும்."

"கிழக்கும் மேற்கும்?"

"கிழக்க போனா மேய்ச்சல் இருக்கு. மேக்க போனா இல்ல."

சிவப்பும் வெள்ளையுமாகச் சில மரக்கட்டைகளைக் கொடுத்து, படத்தில் இருக்கிற மாதிரி அடுக்கச் சொன்னார். கிட்டு அந்தக் கட்டைகளை வட்டமாக வைத்து ஆட்டுக்கிடைக்கு வேலி போட்டு, ஆடு போய்வர ஒரு வாசலும் விட்டான். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

போகும்போது ஒரு கார்பன் நகலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் போனார். பிள்ளைகளின் பெயர், நேரே ஓர் எண். கீழே இங்கிலீஷில் ரெண்டு பக்கம். எண் கிடைத்த பிறகு இங்கிலீஷை யார் படிக்கப் போகிறார்கள்? காலைப் பிரார்த்தனையில் தலைமையாசிரியர் எண்களை உரக்க வாசித்தார். நூற்றுக்கு அறுபத்தொன்று என்றால் பஸ்ட் கிளாஸ். எழுபத்துநாலு என்றால் ஜில்லாவிலேயே கிடையாது. அதுவரை கணக்கில் முப்பதைத் தாண்டாத ஊர். கிட்டுவின் அப்பா கிடாய் வெட்டினார். பொடியன் பத்திரகாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். அன்று ஏறியவர் இன்றுவரை முழுசாக இறங்கவில்லை. அடுத்த வருஷம் மேலிடத்திலிருந்து இரண்டாவது வாத்தியார் வேலையை எடுத்துவிட்டார்கள். 'பிள்ளைக பூராவும் பாஸாயிட்டுல்லா, ரெண்டு வாத்தியார் எதுக்கு?' என்று ஊர் அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டது.

இப்படி நாற்பது வருஷம் பஸ்ட் கிளாஸில் வாழ்ந்துவிட்ட கிட்டுவின் வீட்டுக்குத்தான் இந்த ஆனி மாதம் அந்தக் கடிதம் வந்தது.

நடந்தது இதுதான். ஏதோ ஓர் அறக்கட்டளை நடத்துகிற உறைவிடப் பள்ளியிலிருந்து உமாதேவி என்கிற பெண் வந்து, அதே கேள்விகள், அதே கட்டைகள், மார்க்குப் போட அதே பழைய அட்டவணை என்று ஊர்ப் பிள்ளைகளை மறுபடியும் அளந்திருந்தாள். நூற்றுப் பத்துக்கு மேல் எடுக்கிற பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இடம்; படிப்பு, சாப்பாடு, விடுதி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒன்பது பிள்ளைகள் தாண்டிவிட்டார்கள். கிட்டுவின் மகள் இந்துஜா நூற்று இருபத்தொன்று. அந்தப் பள்ளியில் ஆளுக்கொரு நுண்ணோக்கி உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து, ஆட்டு உண்ணியிலிருந்து அப்பாவின் தலைமுடி வரைக்கும் எதையெல்லாம் அதன் கீழே வைக்க வேண்டும் என்று அவள் தீப்பெட்டிகளில் சேகரித்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் வேறு மாதிரி சொன்னது. 'தந்தையின் மதிப்பெண் 61. மகளின் மதிப்பெண் 121. வேறுபாடு முப்பதுக்கு மேல். ஐயத்துக்குரியது. சேர்க்கை நிறுத்தி வைக்கப்படுகிறது. வியாழக்கிழமை விசாரணை.' ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது கடிதம்.

"நூத்துக்கு நூத்தி இருபத்தொண்ணு எப்படி வே வரும்? அவியளுக்கு என்ன, எனக்கே ஐயமாத்தான் இருக்கு" என்றார் சண்முகராஜ். அவர் மகனும் நூற்றுப் பதினைந்து எடுத்து ஐயத்தில்தான் இருந்தான். "எம்பயல் எங்கன போய்ப் பதினஞ்சு மார்க்குக் கூடுதலாத் திருடுனான்னு ரெண்டு நாளா விசாரிக்கேன், சொல்ல மாட்டேங்கான்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உமாதேவி ஸ்கூட்டரில் கிடைக்கே வந்தாள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் நிலத்துக்கு எருவுக்காகக் கிட்டு ஆடுகளை அங்கே அமர்த்தியிருந்தார். தாயாடுகள் மேய்ந்து திரும்புகிற நேரம். குட்டிகளை மூடியிருந்த கூடைகளைத் தூக்கித் தூக்கி, எது எதன் குட்டி என்று பார்த்து விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க தாயி."

"நூறுங்கிறது முழு மார்க்கு இல்ல. அது நடு. பொதுவா எல்லாரும் நூறை ஒட்டித்தான் இருப்பாங்க. எழுபதுக்குக் கீழ இருந்தா மந்தம்னு எழுதுவாங்க."

கிட்டு தூக்கிய கூடையைத் தூக்கியபடியே நின்றார். உள்ளேயிருந்த குட்டி வெளியே வந்து, அவரையும் பார்த்து, கூடையையும் பார்த்து, தன் அம்மாவைத் தானே தேடிக்கொண்டு போனது.

"எங்க அப்பா கிடா வெட்டுனாவளே" என்றார் கடைசியில்.

உமாதேவி சிரிக்கவில்லை. பையிலிருந்து, டாக்டர் எல்லோர் பதிலையும் எழுதி வைத்திருந்த பழைய நோட்டின் பிரதியை எடுத்து, நாற்பது வருஷமாக யாரும் படிக்காத அந்த இங்கிலீஷ் பக்கங்களைத் தமிழில் சொன்னாள். இந்த ஊர்ப் பிள்ளைகளின் மந்தம் பிறவியிலேயே வந்தது, ரத்தத்தில் இறங்குவது, இவர்களுடைய பள்ளிக்கூடத்துக்குச் செலவழிப்பது வீண்.

"அதான் ரெண்டாவது வாத்தியாரை எடுத்துட்டாவளா?"

"ஆமா."

கிட்டு அங்கேயே வரப்பில் உட்கார்ந்தார்.

"விசாரணைக்கு வர்ற ஐயா பேரு பாண்டியராஜன். விதியைத் தாண்ட மாட்டார்" என்றாள் உமாதேவி. "ஆனா விதியிலேயே ஒரு வழி இருக்கு. பழைய மார்க்கு உள்ள ஆளே மறுபடியும் எழுதி தொண்ணூத்தி ஒண்ணு எடுத்துட்டா வித்தியாசம் முப்பதுக்குள்ள வந்துரும், ஐயம் தீந்துரும். உங்களால முடியும். 'ரெண்டும் உயிருள்ளது, ரெண்டும் வாகனம், ரெண்டும் திசை'. இந்த மாதிரி சொல்லணும், அவ்வளவுதான். இது உங்களுக்குத் தெரியாததில்ல."

"தெரியும். எம்மக பரீட்சைக்குக் கத்திக் கத்திப் படிக்காள்லா, ஆட்டுக்கே தெரியும். சரி, மத்த எட்டுப் பிள்ளையளுக்கு?"

உமாதேவி நோட்டை மூடினாள். "எல்லாராலயும் முடியாது. முத்துசெல்வி அக்கா வீட்டுல... அவங்க வீட்டுக்காரர் மார்க்கு அறுபத்தி மூணு."

முத்துசெல்வி மணியாச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், அந்த மழைக்கால அளவில் மாட்டாதவள். அவள் புருஷன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"செத்தவன் எந்திரிச்சு வந்து மறுதேர்வு எழுதணுமாக்கும்" என்றார் கிட்டு.

வீட்டில் மனைவி தங்கமாரி தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கதையும் கேட்டாள். அவளும் வெளியூர்க்காரி, மார்க்கு இல்லாதவள்.

"எனக்கு மூளை இருக்கா இல்லையான்னே எவனும் எழுதி வைக்கல. அது ஒரு நிம்மதி" என்றாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? போய் ரெண்டும் உயிருள்ளதுன்னு சொல்லிட்டு வாங்க. ஒரு வார்த்தை. அதுக்கா கிடையைச் சுத்திச் சுத்தி நடக்கீங்க?"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? 'அப்பன் அறிவாளி, அதான் மகளும் அறிவாளி'ன்னு எழுதிக்கிடுவாவ. அப்ப முத்துசெல்வி மகன்? அப்பன் மந்தம், அதனால பய திருடன்னு ஆயிரும்லா? அந்தப் பட்டணத்து டாக்டர் எழுதுனதை நானே போய்க் கையெழுத்துப் போட்டுச் சரின்னு சொன்ன மாதிரி."

"ஊருக்கு நியாயம் பேசி எம்பிள்ளை இடத்தைத் தொலைச்சுராதீங்க. சொல்லிட்டேன்."

இந்துஜா மூலையில் இருந்து எழுந்து வந்தாள். அவளுக்கு அப்பாவின் மார்க்கைப் பற்றி ஒன்றுமில்லை, கோபமெல்லாம் வேறு.

"நான் பாத்து எழுதுனேன்னு சொல்லுதாவளே, யாரைப் பாத்து? எனக்கு இந்தப் பக்கம் சுவரு, அந்தப் பக்கம் உமா அக்கா. எதுத்தாப்புல காந்தி படம். காந்தியா சொல்லிக் கொடுத்தாரு?"

"அதை வியாழக்கிழமை கேப்போம்" என்றார் கிட்டு.

"நீங்க கேக்கப் போகல, பதில் சொல்லப் போறீங்க" என்றாள் தங்கமாரி.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் தாங்கவில்லை. முனைவர் பாண்டியராஜன் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பாடப்புத்தகம் வாய் திறந்தது போலப் பேசினார். எழுபதுக்குக் கீழே என்றால் என்ன என்பதை அவர் எழுந்து நின்று விளக்கியபோது, கூட்டத்தில் ஓர் ஊரே பாஸாகி நாற்பது வருஷம் கழித்துத் தோற்றுப்போன சத்தம் கேட்டது.

பத்திரகாளி மட்டும் கையைத் தூக்கினார். அவர் பேத்தியும் ஒன்பதில் ஒன்று. அவள் அம்மா ஊரில் இல்லாததால் தாத்தாவின் மார்க்கே அவள் தாளில் ஏறியிருந்தது. "எனக்கு எழுபத்துநாலு. நான் மந்தம் இல்லைல்லா?"

பாண்டியராஜன் அட்டவணையைப் பார்த்தார். "எல்லைக்கோடு."

பத்திரகாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் இத்தனை வருஷமாகக் கடைசி வார்த்தை சொன்ன ஆள். முகம் நனைந்த வேட்டி மாதிரி ஆகிவிட்டது.

"மறுதேர்வு. கிட்டு, தகப்பனார், மதிப்பெண் அறுபத்தொன்று" என்று பாண்டியராஜன் கூப்பிட்டார். உமாதேவி பழைய நோட்டையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "ஆடும் பருத்திச்செடியும் எந்த வகையில் ஒன்று?"

கிட்டு எழுந்தார். தங்கமாரி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தாள். உமாதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு சந்தேகம் சார். நான் சரியாச் சொன்னா எம்மக எழுதுனது நிசம். தப்பாச் சொன்னா அவ எழுதுனது பொய். அப்படித்தான?"

"விதி அப்படித்தான் சொல்கிறது."

"அப்ப எழுதிக்கிடுங்க. ஆடு பருத்தியில விழுந்தா பஞ்சாயத்து வந்துரும்."

தங்கமாரி வாயிலிருந்து சேலை விழுந்தது.

"ரயிலும் மாட்டுவண்டியும்?"

"ரயிலு வந்தா மாட்டுவண்டி நிக்கணும்."

"கிழக்கும் மேற்கும்?"

"கிழக்க போனா மேய்ச்சல் இருக்கு. மேக்க போனா இப்ப கரண்டுக் காத்தாடி போட்டிருக்கான், மேய்ச்சல் இன்னும் இல்ல."

உமாதேவி பழைய நோட்டில் விரலை வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தாள். காற்றாடி ஒன்றைத் தவிர ஓர் எழுத்துப் பிசகவில்லை. கட்டைகளைக் கொடுத்தார்கள்; கிடை போட்டு வாசல் விட்டார். கூட்டிப் பார்த்தாள். அறுபத்தொன்று. நாற்பது வருஷத்தில் எத்தனையோ அரசாங்கம் வந்து போயிருக்கிறது, இவ்வளவு துல்லியமாக எதுவும் நிலைத்ததில்லை.

சண்முகராஜுக்கு அப்போதுதான் பிடிபட்டது. "அடுத்து நான்!" என்று பெஞ்சைத் தாண்டி வந்தார். அவருக்கு எதிலும் முந்த வேண்டும். ரயிலுக்கும் மாட்டுவண்டிக்கும், "ரெண்டுலயும் எனக்கு ஏற விருப்பமில்ல" என்றார். கட்டைகளைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். ஐம்பத்து மூன்று. "அம்பத்தெட்டுலருந்து அஞ்சு குறைச்சிருக்கேன் வே, ஒருத்தனும் நெருங்க முடியாது" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பழைய பதிலையே சொன்னார்கள். மறந்துபோனவர்களுக்கு உமாதேவி நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியில் பத்திரகாளி. அவர் ரொம்ப நேரம் நின்றார். பழைய பதிலைச் சொன்னாலே எல்லைக்கோட்டில் தனியாக நிற்கலாம். ஊரில் மிச்சமிருக்கிற ஒரே மரியாதை அது.

"ஆடும் பருத்தியும்?"

"ஆடுன்னா என்ன சார்?" என்றார் பத்திரகாளி.

கூட்டத்தில் கூரை ஓடு பெயர்கிற மாதிரி கைதட்டினார்கள். ஐம்பத்தொன்பது. "எல்லைக்கோட்டுல என்னைய மட்டும் ஏன் வெயில்ல நிறுத்துதீங்க, நானும் உள்ள வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சண்முகராஜ் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்.

பாண்டியராஜன் பேனாவை மேசைமேல் வைத்தார். "நீங்களே உங்கள் பிள்ளைகளின் இடத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். தகப்பனுக்கும் மகளுக்கும் அறுபது வேறுபாடு. ரத்தம் இப்படித் தாவாது."

"ரத்தம் தாவல சார்" என்றார் கிட்டு. "எங்கிட்ட ஒரு கிடாய் இருக்கு. அதுக்குப் பிறந்த ரெண்டு குட்டி, ஒரே தாய், ஒரே ஈத்து. ஒண்ணை இங்கன வச்சேன். இன்னொண்ணைக் குளத்தூர்ல மச்சினன் வளக்கான். ஆறு மாசத்துல இங்கன உள்ளது பதினாலு கிலோ. அங்கன உள்ளது ஒம்பது. கிடாய் மாறுச்சா?"

"உங்கள் மந்தைக்குள்ளேயே நல்ல கிடாய்க்குப் பிறந்தது எடை கூடுதலாக இருக்கும் அல்லவா? அது ரத்தம்தானே?"

"இருக்கும். ஒரே மேய்ச்சல்ல நின்னா கிடாய்தான் பேசும். ஆனா அதுலயும் கேளுங்க. ரெட்டைக் குட்டியில ஒண்ணு ஒரு விரக்கடை அளவு பெருசாப் பிறக்கும். அது முதல்ல போய் மடியைப் பிடிக்கும். பிடிச்சது பெருக்கும். பெருத்தது மத்ததைத் தள்ளும். ஆறு மாசம் கழிச்சு ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாவ. அதுல கிடாய் எம்புட்டு, மடி எம்புட்டுன்னு பிரிச்சுக் கொடுக்க நீங்க எந்தத் தராசைக் கொண்டாந்தாலும் முடியாது. மேய்ச்சலே மாறிட்டா மந்தை பூராவும் எந்திரிச்சிரும். எங்களை ஆடு எங்கன போச்சுன்னுதான் கேப்பாவ சார். ஆடு என்ன வகைன்னு எவனும் கேட்டதில்ல. இவளை அங்கன்வாடியில இருந்தே அதைத்தான் கேக்காவ. முட்டை போட்டுக் கேக்காவ. வகுப்புல கேக்காவ, போன்ல கேக்காவ. எங்காலத்துல வீட்டுக்கு எட்டுப் பிள்ளை. இப்ப ஒண்ணு ரெண்டு. எங்களுக்கு வந்தது குளத்தூர் மேய்ச்சல். காய்ஞ்சு உப்புப் பூத்த மண்ணு, ஒரு புல்லு கிடையாது, அந்த ஊரு ஆடு..."

"என்ன வே பேசுதீரு!" என்று மேசை அதிர ஒரு குரல் கிளம்பியது. "குளத்தூர் ஆட்டைப் பத்தி உமக்கென்ன தெரியும்? உம்ம மச்சினனுக்கு வளக்கத் தெரியலன்னா ஊரைக் குறை சொல்லுவீரா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போட்டது பாண்டியராஜன். பாடப்புத்தகம் மூடிவிட்டது.

"சாருக்குக் குளத்தூரா?" என்றார் சண்முகராஜ், காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்த மாதிரி. "சொல்லவே இல்லையே. உங்கப்பாவுக்கு எம்புட்டு மார்க்கு சார்?"

பாண்டியராஜன் சட்டைக் காலரைச் சரி செய்தார். மறுபடியும் சரி செய்தார். "அவியளை யாரும் அளக்கல" என்றார். "உப்பளத்துல வேலை. கைநாட்டுதான்."

இந்துஜா முன்வரிசையிலிருந்து எழுந்தாள். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப நீங்க யாரைப் பாத்து எழுதுனீங்க சார்?"

"ஏட்டி, உக்காரு" என்று தங்கமாரி இழுத்தாள். கிட்டு, "அவ நிக்கட்டும்" என்றார். "சார், இவளைப் புதுசா எதையாவது கேளுங்க. நோட்டுல இல்லாதது. நீங்களே யோசிச்சு."

பாண்டியராஜன் சன்னல் வழியே வெளியே பார்த்தார். பிறகு இந்துஜாவைப் பார்த்தார். "கரிசல் மண்ணும் தீப்பெட்டியும் எந்த விதத்துல ஒண்ணு?"

இந்துஜா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கிட்டுவுக்கு ஒரு பதிலும் தோன்றவில்லை. மண்ணில் தீப்பெட்டி விழுந்தால் எடுத்துத் துடைக்கணும், அவ்வளவுதான். கிடையைத் திறந்துவிட்டு ஆடு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டும் நனைஞ்சா வேலைக்கு ஆகாது" என்றாள் இந்துஜா.

உமாதேவி அட்டவணையைப் புரட்டினாள். அந்தக் கேள்வியும் அதில் இல்லை, பதிலும் இல்லை. பாண்டியராஜன் முத்துசெல்வி மகனைக் கேட்டார். மற்ற ஏழு பேரையும் கேட்டார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கேள்வி. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை, முட்டை ஆறிப்போனது.

முடிந்ததும் அவர் ஒன்பது தாள்களையும் அடுக்கினார். "பதிலெல்லாம் சரி. ஆனா வித்தியாசம் முப்பதுக்கு மேல இருந்தா ஐயம்னுதான் விதி. அதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அழிக்க வேண்டாம் சார்" என்றார் கிட்டு. "எம்மார்க்கும் நிக்கட்டும், அவ மார்க்கும் நிக்கட்டும். ரெண்டும் நிசம். என் அறுபத்தொண்ணைக் கூட்டித்தான் அவளை உள்ள விடுவீங்கன்னா, அந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்கு வேண்டாம்."

தங்கமாரி அவரை எரிக்கிற மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். அப்புறம் முத்துசெல்வி எழுந்தாள். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

பாண்டியராஜன் உமாதேவியிடம் கையை நீட்டினார். "இன்னொரு படிவம் கொடும்மா."

அவர் அதை நிதானமாக நிரப்பினார். பெயர்: பாண்டியராஜன். வயது: ஐம்பத்தேழு. படிப்பு: முனைவர். தகப்பனார் மதிப்பெண்: அளக்கப்படவில்லை, கைநாட்டு. வேறுபாடு: கணக்கிட இயலாது. முடிவு என்ற கட்டத்தில் 'ஐயத்துக்குரியது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை ஒன்பதுக்கும் மேலே வைத்து ஸ்டேப்ளரால் ஓங்கி ஓர் அடி. 'இந்தப் பத்துப் பேரையும் ஒன்றாகவே ஏற்கவும் அல்லது ஒன்றாகவே நீக்கவும்.'

"நீக்கிட்டாவன்னா?" என்றார் பத்திரகாளி.

"ஆட்டூரணிபட்டிக்குத்தான் வரணும். ரெண்டாவது வாத்தியார் வேலை இன்னும் காலியாத்தான கிடக்கு?" என்றார் பாண்டியராஜன்.

தலைமை அலுவலகம் பதினோரு நாள் அந்தத் தாள்கட்டைப் பிரிக்கப் பார்த்ததாகவும், ஸ்டேப்ளர் பின் கழலவே இல்லை என்றும் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பத்துப் பேருக்கும் ஆறாம் வகுப்பில் அனுமதி. யாரோ பட்டியலைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பாண்டியராஜனுக்கும் இரண்டு ஜோடி சீருடை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் போய்ச் சேர்ந்ததாம். தட்டையும் டம்ளரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை.

சேர்க்கைத் தாளில் பெற்றோர் கையொப்பம் என்று ஓர் இடம் இருந்தது. கிட்டு தன் பெயரை எழுதினார். யாரும் கேட்காமலே பக்கத்தில் 61 என்றும் போட்டார்.

"இன்னும் அதை என்னத்துக்குச் சுமக்கீங்க?" என்றாள் தங்கமாரி.

"இதையாவது படிச்சுப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணின் மேல் பேனாவை இன்னொரு தடவை அழுத்தி ஓட்டினார் கிட்டு.